வெயிலில் வளைந்த கிட்டார்

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் ஒரு பாட்டுக் குழு இருந்தது. வேலை முடிந்ததும் கான்டீனுக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் அறையில் டிரம்ஸையும் கீபோர்டையும் போட்டுக்கொண்டு கூரை அதிர வாசிப்பார்கள். சேர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று மெயில் வந்தபோது, என் பெயருக்கு நேரே 'கிட்டார்' என்றுதான் எழுதி அனுப்பினேன். போய் நின்றதும் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

காரணம், நான் தமிழ்ப் பெண். திருவனந்தபுரத்தில் எந்தக் கொண்டாட்டமானாலும் நாலு தமிழ் சினிமாப் பாட்டு வந்தால்தான் கூட்டம் எழுந்து ஆடும். ஆனால் பாட நிற்பவர்கள் எல்லாரும் மலையாளிகள். பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைக் குத்துமதிப்பாகப் பாடுவார்கள். அங்கே சாலை என்கிற கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த, வீட்டில் தமிழ் பேசுகிற ஒருத்தி வந்து நின்றால் அவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். என் குரலைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. குளியலறைக்குப் போதும், மேடைக்குப் போதாது. அதைச் சொன்னால் எல்லாரும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

குழுவை நடத்தியவர் எங்கள் டீம் லீடர். கீபோர்டு வாசிப்பார். நாங்கள் எல்லாரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர். ஆனால் ஒருவரை ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டால் பிறகு ஆணி அடித்தது போல அங்கேயே வைத்திருப்பார். "நான் கிட்டார் வாசிக்கத்தானே வந்தேன்?" என்று அவரிடம் கேட்டேன்.

"கையில் கிட்டார் உண்டோ?" என்றார்.

பள்ளிக்கூட நாளில் வாங்கிய ஒரு சாதாரண மரக் கிட்டார் இருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் அதன் முதுகு வாய் பிளந்து கிடந்தது.

"எலக்ட்ரிக் ஒண்ணு கொண்டு வா. பின்னே நோக்காம். அதுவரை நீ பாடு."

இந்தப் 'பின்னே நோக்காம்', அதாவது 'அப்புறம் பார்க்கலாம்', எப்படிப்பட்டது என்று கேரளத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும். அரசாங்க ஆபீஸ்களில் அதைக் கேட்டே எத்தனையோ பேர் கிழவர்களாகியிருக்கிறார்கள். பாட்டுக்காரி என்ற பெயர் ஒருமுறை ஒட்டிவிட்டால் பிய்த்து எடுக்க முடியாது. ஆண்டு விழாவுக்குள் நான் கிட்டாரோடு அந்த அறையில் உட்கார்ந்தாக வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது, அதுவும் வெறி பிடித்தாற்போல் வேண்டியிருந்தது.

கம்பெனி பஸ் என்னைக் கிழக்கேகோட்டையில் இறக்கிவிடும். அங்கிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தால் அப்பாவின் ஹார்டுவேர் கடை, அதற்கு மேல்மாடியில் எங்கள் வீடு. நேர்வழியில் போனால் மூட்டை சுமப்பவர்கள் இடித்துத் தள்ளுவார்கள் என்று நான் பக்கத்துச் சந்தில் புகுந்து போவேன். அது ஆக்ரிக்கடைகள் இருக்கும் சந்து. பழைய இரும்பு, உடைந்த பாத்திரம், இடித்த வீட்டுக் கதவு எல்லாம் அங்கே வந்து குவியும்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு கடை வாசலில், பல் டாக்டரின் பழைய நாற்காலிக்கும் மின்விசிறி இறக்கைகளுக்கும் நடுவே, ஒரு எலக்ட்ரிக் கிட்டார் கழுத்தில் ஒயர் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி ஒன்றுகூட இல்லை. ஆனால் அதைவிட அதன் உடம்புதான் என்னை நிறுத்தியது. கிட்டார் என்றால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கும் அல்லவா? இதற்கு ஒரு பக்கத்து ஒடுக்கம் மேலேயும் மறுபக்கத்து ஒடுக்கம் கீழேயுமாக இருந்தது. ஈரத்துணியை லேசாக முறுக்கிவிட்டது போல உடம்பே ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

"இது என்ன இப்படி இருக்கு?" என்றேன்.

"அது வளஞ்ஞு போயதா மோளே," என்றார் கடைக்காரர். "கோவளத்து ஹோட்டல்காரங்க பாட்டு நிறுத்தின பின்னே மொட்டை மாடியில போட்டாங்க. வெயிலத்து கெடந்து வளஞ்ஞு."

மரம் வெயிலில் வில்லாக வளையும், வெடிக்கும். இப்படி அழகாக, விளிம்பு வழவழவென்று வளையாது. அது பிறவியிலேயே அப்படித்தான் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவரிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல் எங்கள் கடைக்குப் போய் அப்பாவைக் கூட்டி வந்தேன். வியாபாரத்தில் எனக்குப் பொறுமை போதாது. கேட்ட விலைக்கு இரண்டு பங்கு கொடுத்துவிட்டு வந்து நிற்பேன்.

வரும் வழியிலேயே அப்பா சொல்லிவிட்டார். "மக்கா, அங்க வந்து நீ அதப் பாக்கப்பிடாது. வேணும்னு மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டு நிக்காத. பல் டாக்டர் நாற்காலியப் பாரு."

நான் பல் டாக்டர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அக்கறையோடு பார்த்தேன் என்றால், கடைசியில் கடைக்காரர் கிட்டாரைப் பேசி முடித்துவிட்டு நாற்காலிக்கும் ஒரு விலை சொன்னார். வளைந்துபோன சாமான் என்று அவரே சொல்லியிருந்ததால் அப்பாவுக்கு வேலை சுலபமாயிற்று. வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "சவத்த எதுக்கு வாங்கினோம்னு இனிமேயாவது சொல்லு," என்றார்.

அம்மா அதைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். எங்கள் தெருவின் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள்; இடது வலது ஒத்துப்போகாத எதையும் அவளால் சகிக்க முடியாது.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். இங்க மேடையெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. சாமான்தான் கோணல், கேட்டியா," என்றாள்.

நான் வழக்கம்போல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் வைத்தேன். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் சின்ன வயதில் வாய்ப்பாட்டு படித்தவள். பாட்டு என்றால் பாயில் உட்கார்வது என்று உடம்பில் பதிந்துவிட்டது. கிட்டாரையும் அப்படித்தான் பழகினேன். நின்றுகொண்டு வாசித்தால் என் இடது கை வேறு யாருடைய கையோ போல நடந்துகொள்ளும். ஆனால் நண்பர்களின் எலக்ட்ரிக் கிட்டார்களைச் சம்மணத்தில் வைத்தால் கழுத்துப் பக்கம் கனத்துச் சரிந்துவிடும். ஒரு கையால் வாசித்து ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கோணல் கிட்டாரை வைத்ததும் அதன் சாய்ந்த இடுப்பு என் தொடைமேல் வந்து பொருந்திக்கொண்டது. இரண்டு கையையும் எடுத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படிச் சாய்த்துச் செய்தவர், உட்கார்ந்து வாசிக்கிறவளை நினைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

அந்த நெகிழ்ச்சி ஒருவாரம்கூட நீடிக்கவில்லை, அடுத்தது எரிச்சல். கம்பி கட்டி, சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தால் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். கொஞ்சம் அழுத்தி மீட்டினால் கம்பி, தான் ஏறி நிற்கும் பிரிட்ஜிலிருந்து பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவிவிடும். பிரிட்ஜோ தன் குழிக்குள் நின்று முன்னும் பின்னும் ஆடும். கிழக்கேகோட்டையில் ஒரு இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து தேடினேன். உலகம் பூராவும் இந்தக் கோணல் கிட்டார்க்காரர்கள் இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். கனமான கம்பிக்கு என்று செய்த கிட்டாரில் எல்லாரும் மெல்லிய கம்பியைக் கட்டிவிட்டு அதைத் திட்டுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் என்னைப் போலவே கோபம் ஜாஸ்தி என்று தோன்றியது.

பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்யத் தொடங்கினேன். ஸ்டாச்யூ ஜங்ஷனில் இருந்த இசைக்கருவிக் கடையில் இருப்பதிலேயே தடித்த கம்பி கேட்டேன். தமிழ்ப் பெண் தேங்காய் கட்டக் கேட்கிறாளோ என்பது போல் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். ஆடுகிற பிரிட்ஜின் கால்களில் அப்பா கடையிலிருந்து குழாய் மூட்டுக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்துச் சுற்றினேன். குழிக்குள் கிச்சென்று உட்கார்ந்தது. அதிர்வில் தானாகக் கழன்றுகொள்ளும் பொடி ஸ்க்ரூக்களின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். கழுத்தைக் கழற்றி, அது உடம்போடு சேரும் பள்ளத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை நறுக்கி வைத்து மறுபடி முறுக்கினேன். கழுத்து மயிரிழை பின்னால் சாய்ந்தது. அதனால் கம்பிகள் பிரிட்ஜின்மேல் அழுந்தி நின்றன. தாவல் நின்றது.

"யாரு கல்யாணப் பத்திரிகை அது?" என்று அம்மா கேட்டாள்.

"நாம போகாத கல்யாணம்."

"அது போட்டும்," என்றாள். இதில் அவளுக்கும் ஒரு சுவாரசியம் பிறந்திருந்தது. ஒவ்வொரு திருகலுக்கும் சத்தம் மாறுவதைக் கேட்டுவிட்டு, தையலை நிறுத்தி, "இப்போ கொள்ளாம், நல்லாருக்கு," என்பாள்.

இந்தக் கிட்டாரில் இன்னொரு வினோதம் இருந்தது. மேல் தோளில் ஒரு சின்ன ஸ்விட்ச். கீழே தள்ளியிருந்தால் சத்தம் வழக்கமான குமிழ்கள் வழியாக வெளியே போகும். மேலே தள்ளினால் அந்தக் குமிழ்களுக்கு வேலையே இல்லை. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் பதிந்திருக்கும் இரண்டு சக்கரங்கள் வழியாகத் தனிப்பாதையில் போகும். அந்தப் பாதையில் வரும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. தெரியாமல் கை பட்டுவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு துண்டு செலோ டேப்பை ஒட்டிவைத்தேன்.

ஸ்டோர் அறைக்கு அதைக் கொண்டுபோன அன்று சேட்டன் முதலில் சிரித்தார். பிறகு நான் டிரம்ஸ் மேடையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தபோது சிரிப்பு நின்றது. மூன்று முறை ஒரே பாட்டை வாசிக்கச் சொன்னார்.

"சவுண்டு கொள்ளாம். பட்சே இருந்நு வாசிச்சா சபாக் கச்சேரி மாதிரி இருக்குமே."

"நின்னு வாசிச்சா என் கை வராது சேட்டா."

"அப்போ ஒரு காரியம் செய்யலாம். ஆன்வல் டேக்கு ஒரு பாட்டு. ஒரே ஒண்ணு. அதை நான் பாடறேன், நீ வாசி. பிரஸ்னம் ஒண்ணும் இல்லேன்னா தொடரலாம். பிரஸ்னம் வந்தா நீ மைக்குக்குப் போகணும். கிட்டார் பாகம் நான் கீபோர்டுல எடுத்துக்கறேன். சரியல்லே?"

சரி என்றேன். அந்தப் பாட்டுக்கு அவருக்குத் தமிழ் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கவே எனக்குத் தொண்டை வறண்டது.

விழா நாள் காலையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெரிய குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம் வந்தது. தூசி ஏறியிருக்கும் என்று முன்தகட்டைக் கழற்றி, குமிழின் அடிப்பாகம் வெளியே தெரியும்படி ஜமுக்காளத்தில் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள்.

"கரகரப்ப நிறுத்தியாச்சு மக்கா. திருகிப் பாரு."

திருகினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். ஒரு பொட்டுக் கரகரப்பு இல்லை. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குப்பியில் என்ன எண்ணெய் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தேங்காயெண்ணெய்தான். எங்கள் ஊரில் தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான், புண்ணுக்கும் பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான். அந்தத் தையல் மெஷின் அதைக் குடித்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

விழா நகரத்தில் ஒரு பெரிய ஏசி அரங்கில். மேடையில் எல்லாவற்றையும் வைத்துச் சத்தம் பார்த்தபோது கிட்டார் தங்கமாகப் பேசியது. அதற்குப் பிறகு வரவேற்புரை, அறிக்கை, பரிசு, மறுபடி பரிசு. கிட்டார் மேடையின் ஒரு மூலையில் ஸ்டாண்டில் நின்றது. ஏசிக் காற்று நேராக அதன்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அம்மாவும் அப்பாவும் மூன்றாவது வரிசையில் குளிருக்கு முந்தானையையும் துண்டையும் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. முதல் பாட்டுகளை நான் பாடினேன். கூட்டம் எழுந்து ஆடியது. பிறகு மைக்கை வைத்துவிட்டு டிரம்ஸ் மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். யாரோ பின்வரிசையிலிருந்து 'கச்சேரி!' என்று கத்தினார்கள். சேட்டன் முதல் வரியைத் தொடங்கினார். நான் குமிழைத் திருகினேன். அது திரும்ப மறுத்தது. பிசைந்த மாவுக்குள் விரலை விட்ட மாதிரி கனத்தது. பலத்தைப் போட்டுத் திருகியதும் சத்தம் ஒருமுறை விக்கியது, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்கழிக் காலையில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து உருக்காமல் தலைக்குத் தேய்க்க முடியாதே! அந்த அரங்கம் மார்கழியைவிடக் குளிர். குமிழுக்குள் எண்ணெய் உறைந்துவிட்டது.

சேட்டன் என்னைப் பார்த்தார். பிறகு நான் வைத்துவிட்டு வந்த மைக்கைப் பார்த்தார். அவருடைய வலது கை கீபோர்டில் என் பாகத்தைத் தொட்டுத் தொட்டு எடுக்க ஆரம்பித்திருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்த நிமிஷத்தில் என் கதை அதுதான். அழுகை இல்லை, கோபம். எண்ணெய்மேல், ஏசிமேல், பரிசு வாங்கிய அத்தனை பேர்மேலும் கோபம். அந்தக் கோபத்தில் கிட்டாரின் தோளில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து எறிந்து ஸ்விட்சை மேலே தள்ளினேன்.

கம்பளிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. வீட்டில் மந்தமாகக் கேட்ட அதே சத்தம், அந்தப் பெரிய அரங்கில் தாழ்ந்த குரலில் ஒருவர் நிதானமாகப் பேசத் தொடங்கியது போல் இருந்தது. வேகமாக வாசித்தால் குழம்பும் என்று தெரிந்தது. நான் பழகிய பாதி ஸ்வரங்களை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் நீளமாகப் பிடித்தேன். சேட்டனின் வலது கை கீபோர்டை விட்டு எழுந்து சும்மா நின்றது. அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கச்சேரி என்று கத்தியவனும் உட்கார்ந்திருப்பான். பாட்டு முடிந்ததும் கைதட்டல். நான் எழுந்திருக்க மறந்துபோனேன், கால் மரத்திருந்தது.

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழற்றினால் குமிழின் அடியில் வெள்ளை வெளேரென்று மெழுகு மாதிரி. வீட்டுச் சூட்டில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகி வழிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை நான் அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவள் அசையவில்லை. "எண்ணெய் மேல குத்தம் சொல்லாத. ஏசி போட்டவன் மேல சொல்லு," என்றாள். பிறகு தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்த ரெண்டாமத்த சத்தத்துலதான் எனக்குக் கண்ணு நெறஞ்சுது, கேட்டியா. அத ஏன் ஒட்டி மூடி வச்சிருந்த?" என்றாள். மறுநாள் புதுக் குமிழ் வாங்கி மாற்றினேன். ஸ்விட்ச்மேல் மறுபடி டேப் ஒட்டவில்லை.

அந்த வாரம் சேட்டன் எங்கள் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையைப் பற்றிப் பேசினார், டெட்லைனைப் பற்றிப் பேசினார். மேடையில் நடுவே சத்தம் நின்றது பிரச்சினைதானே? பிரச்சினை வந்தால் மைக்குக்குப் போகணும் என்பதுதானே பேச்சு? கேட்டுவிடலாம் என்று எழுந்திருப்பேன், பிறகு உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் அவரே ஒரு மதியம் கையில் சாயாவோடு என் மேஜைக்கு வந்தார். இன்னொரு கம்பெனியின் ஓணக் கொண்டாட்டத்துக்கு நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். அதைச் சொல்லிவிட்டு, "தமிழ் நல்லா பாடுற ஆள் யாரெங்கிலும் உனக்குத் தெரியுமா? உடனே வேணும்," என்றார்.

எனக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் பாடு பாடு என்று உயிரை எடுத்தவர், இப்போது என் முகத்துக்கு நேரே வேறு ஆள் கேட்கிறார். கிட்டாரும் போயிற்று, பாட்டும் போயிற்று.

"ஏன், நான் ஆளா தெரியலையா?" என்றேன். குரல் எனக்கே சண்டைக்காரி குரலாகக் கேட்டது.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சாயாவை ஒரு வாய் குடித்தார்.

"நீ கிட்டார் அல்லே?" என்றார்.